நூறு ரூபாய்க்கு எவ்வளவு தூரம்: நீலகிரித் தொழிலாளியும் பெட்ரோல் விலையும்

கோத்தகிரியிலோ குன்னூரிலோ காலை ஏழு மணிக்கு ஒரு பெட்ரோல் பங்கைக் கவனித்துப் பாருங்கள். "ஃபுல் பண்ணுங்க" என்று சொல்பவர் பெரும்பாலும் வெளியூர்க் கார்க்காரராக இருப்பார். வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர் "நூறுக்கு அடிங்க" என்பார். மாதக் கடைசி என்றால் அது ஐம்பதாகவும் இறங்கும். லிட்டர் கணக்கில் கேட்கிறவர்கள் குறைவு. கட்டட வேலைக்குப் போகிறவர், எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவர், விடுதியில் அறை சுத்தம் செய்பவர், கடையில் நிற்கும் பையன் எல்லோரும் ரூபாய்க்கணக்கில்தான் பெட்ரோல் வாங்குகிறார்கள்.

விலை ஏறினால் இவர்களுக்கு என்ன ஆகிறது என்பது இந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது. கார்க்காரருக்கு பில் தொகை ஏறுகிறது. நூறு ரூபாய்க்கு அடிப்பவருக்குத் தொகை ஏறுவதில்லை, தூரம்தான் குறைகிறது. 2020 மே மாதம் சென்னையில் ஒரு லிட்டர் 75 ரூபாய் 54 காசு. 2022 ஏப்ரலில் 110 ரூபாய் 85 காசு. நூறு ரூபாய் நோட்டுக்கு முன்பு 1.32 லிட்டர் கிடைத்தது. இரண்டே ஆண்டில் அது 0.90 லிட்டர் ஆனது. மலையில் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று வைத்துக்கொண்டால், 53 கிலோமீட்டர் போன அதே நோட்டு 36 கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. அதாவது, கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குப் போய் வேலை முடித்துத் திரும்ப முன்பு அந்த நூறு ரூபாய் போதும். பிறகு போதாது.

அதனால்தான் மலையில் விலையேற்றத்தின் அடையாளத்தைச் செலவுக் கணக்கில் தேடினால் சரியாகக் கிடைக்காது. எடுக்காமல் விட்ட வேலையில் தேட வேண்டும். "அவ்வளவு தூரமா? பெட்ரோலுக்கே சரியாப் போயிடும்ணா" என்று சொல்லி ஒருவர் விட்டுவிட்ட இரண்டு நாள் பெயின்ட் வேலை எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. தள்ளிப்போட்ட ஆஸ்பத்திரிப் பயணமும், ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போகாமல் இருந்ததும் அப்படித்தான். விலையேற்றம் பற்றிய பேச்சில் எனக்கு முதல் குறையாகப் படுவது இதுதான்: எவ்வளவு கூடுதலாகச் செலவானது என்று மட்டுமே எண்ணுகிறோம், எவ்வளவு கிடைக்காமல் போனது என்று எண்ணுவதில்லை.

இனி மலையின் கணக்கு. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர். வண்டியும் ஆளும் சேர்த்து 180 கிலோ என்றால், அந்த எடையை 1,900 மீட்டர் மேலே தூக்க மட்டும் சுமார் 0.4 லிட்டர் பெட்ரோல் எரிய வேண்டும். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது, மீதி சூடாக வீணாகிறது என்பதையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. சமதளத்தில் அந்த 0.4 லிட்டரில் 20 கிலோமீட்டர் ஓடிவிடலாம். இங்கே அது தூரத்துக்கான செலவுக்கு மேல், உயரத்துக்காக மட்டும் போகிற செலவு. இறங்கும்போது திரும்பக் கிடைக்குமா என்றால், கிடைக்காது. பிரேக்கில் சூடாகப் போய்விடும். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் இழுவை குறைகிறது, சின்ன கியரிலேயே அதிக நேரம் ஓட்ட வேண்டியிருக்கிறது. நீலகிரிக்குள்ளேயே ஓடுகிறவருக்கும் இது பொருந்தும். ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) இன்னொரு ஹட்டிக்குப் போக ஒரு பள்ளம் இறங்கி ஒரு மேடு ஏற வேண்டும். வரைபடத்தில் நான்கு கிலோமீட்டர் போலத் தெரிவது ரோட்டில் பத்தாகிவிடும்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஒரு பழக்கம் இருக்கிறது. இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டோ நியூட்ரலில் போட்டோ வண்டியை உருட்டிக்கொண்டு போவது. விலை ஏறும்போதெல்லாம் இது கூடுகிறது, அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்ற பைக்குகள் பெரும்பாலும் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டிகள். கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டால், இறக்கத்தில் பொதுவாக இந்த எஞ்சின் பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான், எஞ்சின் அணையாமல் இருக்க, கொஞ்சம் எரிக்கும். ஆக, இந்த வண்டிகளில் நியூட்ரலால் மிச்சம் இல்லை. எஞ்சினை அடியோடு அணைத்தாலும் பெரிய லாபம் கிடையாது, ஆனால் வண்டியைப் பிடித்து நிறுத்தும் எஞ்சினின் பிடி போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, சூடேறி, கொண்டை ஊசி வளைவில் பிடிக்காமல் போகலாம். குன்னூர் மலைப்பாதையில் மட்டும் அப்படி 14 வளைவுகள். கல்லட்டியில் 36. சில ரூபாய் பெட்ரோலுக்காக உயிரைப் பணயம் வைக்கிற நிலைக்கு ஒரு தொழிலாளியைத் தள்ளுவதும் விலையேற்றத்தின் விளைவுதான்.

சரி, இந்த விலை எங்கிருந்து வருகிறது? இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அதனால் உலகச் சந்தையில் பீப்பாய் விலையும், டாலருக்கு எத்தனை ரூபாய் என்பதும் அடிப்படை. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். கொச்சியில் சுத்திகரித்த பெட்ரோல் குழாய் வழியாகக் கோவைக்குப் பக்கத்தில் இருகூர் வரை வருகிறது. அங்கிருந்து டேங்கர் லாரி மலையேறுகிறது. அந்த லாரி வாடகையும் விலையில் சேர்வதால்தான் நீலகிரியில் சென்னையைவிட ஒன்றிரண்டு ரூபாய் கூடுதல். பெட்ரோலுக்கான அரசு விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீங்கியது, டீசலுக்கு 2014 அக்டோபரில். 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாறலாம் என்றானது.

மாறலாம் என்பது விதி. நடந்தது வேறு. 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து நான்கு மாதத்துக்கு மேல், உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடியும் வரை, விலை அசையவே இல்லை. நடுவில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியபோதும் அசையவில்லை. அப்புறம் மார்ச் 22 தொடங்கி இரண்டே வாரத்தில் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறியது. மாதச் சம்பளக்காரர் இதை எப்படியோ தாங்குவார். அன்றாடக் கூலி வாங்குகிறவருக்குப் படிப்படியாக ஏறுவதும் பதினைந்து நாளில் பத்து ரூபாய் ஏறுவதும் ஒன்றல்ல. கூலியைப் பேசி ஏற்ற அவருக்கு அவகாசமே கிடைப்பதில்லை.

வரியில்தான் விஷயம் இன்னும் ஆழமாக இருக்கிறது. 2020 தொடக்கத்தில் ஒன்றிய அரசின் கலால் வரி ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 19 ரூபாய் 98 காசு. அந்த ஆண்டு கொரோனாவால் உலகமே முடங்கி, ஏப்ரலில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 20 டாலர் அளவுக்கு விழுந்தது. பங்கில் விலை குறைந்திருக்க வேண்டும். ஆனால் மார்ச்சில் 3 ரூபாயும் மே மாதத்தில் 10 ரூபாயும் வரி ஏற்றப்பட்டு, கலால் வரி 32 ரூபாய் 98 காசு ஆனது. அதே மே மாதம் தமிழக அரசும் தன் மதிப்புக்கூட்டு வரியை ஏற்றியது. ஊரடங்கில் வேலையே இல்லாமல் லைன் வீடுகளில் முடங்கிக் கிடந்தவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரே ஆறுதல் இப்படிப் பறிபோனது. பிறகு கச்சா எண்ணெய் ஏறியபோது அந்த வரி அப்படியே மேலே உட்கார்ந்திருக்க, பங்கு விலை நூறைத் தாண்டியது. 2021 நவம்பரில் 5 ரூபாய், 2022 மே மாதத்தில் 8 ரூபாய் என்று ஒன்றிய அரசு வரியைக் குறைத்தது. அதற்கு முன்பே, 2021 ஆகஸ்ட் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 3 ரூபாய் குறைத்திருந்தது. 2024 மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்கள் 2 ரூபாய் குறைத்தன. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் மறுபடி இறங்கியபோது என்ன நடந்தது தெரியுமா? கலால் வரி 2 ரூபாய் ஏறி 21 ரூபாய் 90 காசு ஆனது. பங்கில் விலை மாறவில்லை. வரி ஏற்றம் மக்கள் மேல் விழவில்லை என்றார்கள். விலை இறங்கியிருக்க வேண்டிய இரண்டு ரூபாய் இறங்கவில்லை என்பதுதான் அதன் மறுபக்கம். அந்த நாளிலேயே சமையல் கேஸ் சிலிண்டருக்கும் 50 ரூபாய் ஏறியது.

இந்தப் பட்டியலை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஏறும்போது உலகச் சந்தையைக் காட்டுகிறார்கள், இறங்கும்போது வரி வந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. இதில் எல்லாக் கட்சிக்கும் பங்கு உண்டு. தமிழகத்தின் வரி 2021 ஆகஸ்டில் 13 விழுக்காடும் அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் என்று ஆனது. இந்தக் காசுக் கணக்கு கச்சா எண்ணெய் ஏறினாலும் ஏறாது என்பது நல்லதுதான், ஆனால் இறங்கினாலும் இறங்காது. 2025 ஏப்ரலில் வந்த ஒன்றிய வரியான 21 ரூபாய் 90 காசில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதியெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில் டெல்லியிலேயே தங்கிவிடுகிறது. அதனால் மாநிலங்களும் தங்கள் வரியை விட மறுக்கின்றன, ஜி.எஸ்.டி.க்குள் பெட்ரோலைக் கொண்டுவரவும் இசைவதில்லை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து இந்த இழுபறி ஓயவில்லை. கூடலூர், பந்தலூர் மக்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கிறார்கள்: ஒரு பக்கம் கேரளா, ஒரு பக்கம் கர்நாடகா, மூன்று மாநிலத்துக்கும் மூன்று விலை. கேரளம் 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது. எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் போய் டேங்க்கை நிரப்பிக்கொள்வது எல்லையோரத்து வழக்கம்.

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 450 ரூபாய் கூலி, மாதம் 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மலையில் 25 நாளும் வேலை கிடைப்பதே அபூர்வம். வருமானம் 11,250. வேலைக்குப் போக 12 கிலோமீட்டர், வர 12. மாதம் 600 கிலோமீட்டர், 15 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் 1,515 ரூபாய். சம்பாதித்ததில் எட்டில் ஒரு பங்குக்கும் மேல், சம்பாதிக்கப் போவதற்கே செலவு. அந்த 101 ரூபாயில், 2025 வரிக் கணக்குப்படி, ஒன்றிய வரியும் மாநில வரியும் சேர்ந்து 40 ரூபாய்க்கு மேல். 15 லிட்டருக்கு 600 ரூபாய்க்கு மேல் வரி. அதாவது மாதத்தில் ஒரு முழு நாளும் அடுத்த நாளில் கொஞ்சமும் அவர் உழைப்பது பெட்ரோல் வரிக்காக. வருமான வரி கட்டும் நிலையில் இல்லாத ஒருவர் கட்டுகிற வரி இது. சொகுசுக் காரில் சுற்றிப்பார்க்க வருகிறவரும் லிட்டருக்கு இதே வரியைத்தான் கட்டுகிறார்.

இது சொந்த வண்டியின் கணக்கு மட்டும். சரக்கு வழியாக வருவது தனி. நீலகிரியில் விளைவது கீழே போகிறது, சாப்பிடுவதில் பெரும்பகுதி கீழிருந்து வருகிறது. இரண்டு போக்குக்கும் டீசல் வேண்டும், இரண்டு முறையும் காசு மலைக்காரர் பையிலிருந்துதான் போகிறது. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் அனுப்பிய விவசாயியின் கையிலுள்ள பில்லைப் பாருங்கள். மேலே மூட்டை எண்ணிக்கை, எடை, விலை. அதன் கீழே கழிவுகள் வரிசையாக: கமிஷன், இறக்குக் கூலி, சாக்கு, லாரி வாடகை. டீசல் ஏறினால் மேலே இருக்கும் விலை ஏறாது, கீழே இருக்கும் வாடகைதான் ஏறும். விலையை நிர்ணயிப்பது வரத்தும் வெளியூர் வியாபாரியும். பச்சைத் தேயிலைக்கும் இதே கதை. ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான சிறு விவசாயிகள் பறித்த இலை பிக்கப்பில் ஏறி ஃபேக்டரிக்குப் போகிறது. மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கும் விலை, ஏலத்தில் தூள் போகும் விலையைப் பொறுத்தது. பிக்கப்புக்கு எவ்வளவு டீசல் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது அல்ல. வண்டி வாடகை கூடினால் கடைசியில் அது பறிப்புக் கூலியில் வந்து முட்டுகிறது: "இந்த மாசம் கூலி ஏத்த முடியாதும்மா."

திரும்பி மேலே வரும் லாரியில் பருப்பு, எண்ணெய், முட்டை, மீன், சிமென்ட், ஜல்லி. இவற்றில் வாடகை விற்கும் விலையிலேயே சேர்ந்துவிடுகிறது. இங்கே ஒரு பெரிய தற்காப்பு ரேஷன் அரிசி. டீசல் என்ன விலை விற்றாலும் ரேஷன் கடையில் அரிசி இலவசம்தான். அது மட்டும் இல்லாவிட்டால் மலைத் தொழிலாளி வீட்டுக் கணக்கு எப்போதோ முறிந்திருக்கும் என்பது என் எண்ணம். கிராமப்புறக் குடும்பங்களின் செலவில் ஏறத்தாழ 47 விழுக்காடு உணவுக்கே போவதாக 2023-24 தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. மீதியில்தான் வாடகை, பள்ளி, மருந்து, பெட்ரோல் எல்லாம் மோத வேண்டும்.

இரண்டாவது தற்காப்பு பஸ். தமிழகத்தில் அரசுப் பஸ் கட்டணம் 2018 ஜனவரியில் ஏறியது. அதற்குப் பின் வந்த பெட்ரோல், டீசல் விலையேற்றங்களின்போது ஏறவில்லை. சென்னையில் டீசல் 2022 ஏப்ரலில் 100 ரூபாய் 94 காசு வரை போனபோதும், பஸ்ஸில் போனவருக்கு அதே டிக்கெட்தான். 2021 மே மாதம் பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மலையில் ஓடும் பஸ்கள் அந்த வகையில் சேராததால் நீலகிரிப் பெண்கள் முதலில் விடுபட்டார்கள். 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில்தான் மலைப்பகுதிகளுக்கும் அது விரிவானது. தோட்டத்துக்கும் விடுதி வேலைக்கும் போகிற ஒரு பெண்ணுக்கு மாதம் பல நூறு ரூபாய் மிச்சமாகும். பெட்ரோல் வரியை எதிர்க்கும்போது இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அந்தப் பஸ்ஸை ஓட்டும் பணத்தில் இந்த வரியும் இருக்கிறது. வரி முழுவதும் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏழையிடம் வாங்கிய வரி ஏழைக்குப் பஸ்ஸாகத் திரும்பி வருகிறதா என்பதே கேள்வி.

திரும்பி வராத இடங்கள் உண்டு. கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா பக்கம் கேரட் அறுவடை நள்ளிரவு கடந்து தொடங்குகிறது. இரவோடு இரவாகப் பிடுங்கி, தழையைத் திருகிப் போட்டு, மூட்டை கட்டி, படிப்படியான தோட்டத்திலிருந்து ரோடு வரை தோளில் சுமந்து ஏற்றி, மிஷினில் கழுவி, காலையில் மேட்டுப்பாளையம் மண்டியில் இருந்தாக வேண்டும். ஊட்டிக் குளிரில், தலையில் டார்ச் லைட் கட்டிக்கொண்டு செய்கிற வேலை. அந்த நேரத்தில் பஸ் கிடையாது. சரக்கு பிக்கப்பின் பின்பக்கம் ஆட்களை நிறுத்திக் கூட்டிப் போகிறார்கள். போலீஸ் பிடித்தால் அபராதம், கவிழ்ந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதும் சந்தேகம். வண்டி வாடகையை மேஸ்திரி கூலியில் பிடிக்கலாம், அல்லது கூலி பேசும்போதே கழித்துப் பேசலாம். டீசல் ஏறினால் அவர் கூடுதல் வண்டி பிடிப்பதில்லை, ஒரே வண்டியில் இன்னும் நான்கு பேரை ஏற்றுகிறார். இவர்களுக்கு இலவசப் பயணத் திட்டம் வெறும் சேதிதான். விடுதிகளிலும் ஓட்டல்களிலும் இரவு ஷிப்ட் முடித்து இறங்குகிறவர்களுக்குக் கடைசி பஸ் போயிருக்கும். ஆட்டோவோ, சொந்த பைக்கோதான் கதி. பைக் வாங்குவது வசதிக்காக என்று நினைப்பவர்கள் இந்த நேர அட்டவணையை ஒரு முறை பார்க்க வேண்டும்.

மின்சார ஸ்கூட்டர் பற்றியும் கேட்கிறார்கள். மலைக்கு அது கெட்ட யோசனை அல்ல. ஏற்றத்தில் சார்ஜ் வேகமாக இறங்கும். ஆனால் பல வண்டிகளில் இறக்கத்தில் கொஞ்சம் ஆற்றல் பேட்டரிக்குத் திரும்பும், பெட்ரோல் வண்டியில் அது நடக்கவே நடக்காது. தடை முதல் போடும் பணம்தான். நூறு நூறாகப் பெட்ரோல் அடிப்பவரால் மொத்தமாக ஒரு லட்சம் புரட்ட முடியாது, வட்டிக்கு வாங்கினால் மிச்சமாகும் பெட்ரோல் காசு தவணைக்குப் போகும். இதற்கிடையே பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலில் ஆற்றல் குறைவு. பழைய வகை இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. விலை குறையாமல் நூறு ரூபாயின் தூரம் மட்டும் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.

நீலகிரியில் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி டெல்லியில் இல்லை, பஸ் டெப்போவில் இருக்கிறது. கேரட் சீசனில் பாலாடாக்களுக்கு நள்ளிரவுக்கு மேல் ஒரு பஸ், விடுதி ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ஊட்டியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் கடைசி நடை, எஸ்டேட் டிவிஷன்களுக்கு ஆறரை மணிக்குள் முதல் நடை. டெல்லியிடமும் சென்னையிடமும் கேட்க வேண்டியது ஒன்று: கச்சா எண்ணெய் இறங்கும் மாதத்தில் வரியை ஏற்றாதீர்கள். லிட்டருக்கு இரண்டு ரூபாய் என்பது, நாம் போட்ட கணக்கில், 15 லிட்டருக்கு 30 ரூபாய். ஒரு குழந்தைக்கு நாலைந்து நாள் முட்டை வாங்கலாம்.